காட்டுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. கடலூரில் ஒரு வங்கியில் வேலை. மூன்று நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் காடு மேடு நடப்பது ஐந்து வருடப் பழக்கம். கேப்பர் மலை, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகள், செஞ்சிக் கோட்டை, வருடத்துக்கு ஒரு தடவை கல்வராயன் மலை. நண்பர் ஒருவர் தன் நாட்டு நாயையும் கூட்டி வருவார். நான்கு வாரத்துக்கு முன் செஞ்சி போய்த் திரும்பிய மறுநாள், முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் விட்டோம், ஊதுவத்தியால் சுட்டோம், கடைசியில் நகத்தால் பிய்த்து எடுத்தோம். அந்த இடத்தில் இன்னும் கடுகளவு தடிப்பு இருக்கிறது. காய்ச்சல் இல்லை. மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறான். அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறவன். "அப்பா, லைம் டெஸ்ட் எடுங்க" என்று தினமும் போன் செய்கிறான். நண்பரின் சித்தப்பா அந்தக் காலத்தில் முயல் வேட்டைக்குப் போனவர். வேப்பெண்ணெய் பூசினால் எதுவும் அண்டாது என்கிறார். என் மனைவியோ இனிமேல் காட்டுப் பக்கமே போகக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள கடலூர் வாசகருக்கு,

முதலில் உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். கடித்து நான்கு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இல்லை. நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கடிகளால் வரும் காய்ச்சல்கள் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். ஆகவே அந்த உண்ணியை நீங்கள் மறந்துவிடலாம். கடுகளவு தடிப்பு இருக்கிறதே, அது உள்ளே தங்கிப்போன வாய்த் துணுக்காக இருக்கலாம். முள் தைத்து முனை மட்டும் உள்ளே நின்றுவிட்ட மாதிரிதான். தோல் அதைச் சுற்றிக் கெட்டியாகி, கொஞ்ச நாளில் தானாக வெளியே தள்ளும். சிலருக்கு மாதக்கணக்கில்கூட இருக்கும். ஊசியால் கிண்ட வேண்டாம். சீழ் வைத்தாலோ பெரிதானாலோ ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

லைம் டெஸ்ட் உங்களுக்குத் தேவையில்லை. லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1970களின் நடுவில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதை ஆராயப் போய்த்தான் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் அடையாளம் தெரிந்தது. அங்கே அதைப் பரப்புவது மான் உண்ணி என்று அழைக்கப்படும் கறுப்புக் கால் உண்ணி. அது அமெரிக்கக் கண்டத்து இனம், செஞ்சி மலையில் கிடையாது. லைம் இல்லாத ஊரில் லைமுக்கு ரத்தம் எடுத்தால், நோய் இல்லாதவருக்கே 'பாசிட்டிவ்' என்று வந்து குடும்பத்தையே கலங்கடிக்கிற வாய்ப்புதான் அதிகம்.

ஆனால் உங்கள் மகன் இருக்கும் இடத்தில் அவர் பயம் முழுக்க நியாயம். பென்சில்வேனியா லைம் நோய் மிகுதியாக உள்ள மாநிலம். இலையுதிர் காலத்து மான் வேட்டை சீசனும், வளர்ந்த கறுப்புக் கால் உண்ணிகள் புல்லின் நுனியில் ஏறிக் காத்திருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சுட்ட மானின் உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். பக்கத்தில் இருக்கும் சூடு அதைத் தூக்குகிறவரின் உடம்புதான். அதனால் கையுறை போடாமல் மானைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து 0.5 சதவீதம் கலந்த ஸ்பிரே கடையிலேயே கிடைக்கிறது. பூட்ஸுக்கும் பேன்ட்டுக்கும் முதல் நாளே அடித்துக் காயவைத்து உடுத்தலாம். தோலில் அடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைப்பதற்கு முன்பே டிரையரில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒளிந்திருக்கும் உண்ணி காய்ந்து செத்துவிடும். லைம் கிருமி நம் உடம்புக்குள் போக, பொதுவாக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அன்றன்றைக்குத் தேடி எடுத்துவிடுகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ரத்தம் குடித்து உப்பிய உண்ணியை எடுத்தால், 72 மணி நேரத்துக்குள் அங்குள்ள டாக்டரைப் பார்க்கட்டும். ஒரே வேளை மாத்திரையில் தடுக்க வழி இருக்கிறது. கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

சித்தப்பாவின் முயல் வேட்டை பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயலை வேட்டையாடுவதும் குற்றம்தான். அந்தப் பழக்கத்தை யாரும் புதுப்பிக்க வேண்டாம். அவருடைய வேப்பெண்ணெயையும் நான் நம்ப மாட்டேன். வேர்வையில் அது சீக்கிரமே போய்விடும்.

இனி நான் உங்களிடம் உண்மையில் சொல்ல விரும்புவது. நீங்கள் கண்ணால் பார்த்த உண்ணியைப் பற்றி நான்கு வாரம் பயந்தீர்கள். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தில் என்னைப் போன்ற டாக்டர்கள் பயப்படுவது கண்ணுக்கே தெரியாத இன்னொன்றைப் பற்றி.

பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று படித்திருப்பீர்கள். அதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். பெயரில் உண்ணி இருந்தாலும் பரப்புவது நீங்கள் பிய்த்தெடுத்த உண்ணி இல்லை. செடியில் விழும் செஞ்சிலந்திப்பேனை விவசாயிகளுக்குத் தெரியும். அந்த உறவில் வரும் மிகச் சிறிய ஓர் உயிரின் குஞ்சுதான் பரப்புகிறது. சிகர் என்பார்கள். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆரஞ்சுச் சிவப்பு நிறம். வளர்ந்ததும் மண்ணில் வாழும், மனிதனைச் சீண்டாது. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு தடவைதான் கடிக்கும். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவைதான் அதன் வழக்கமான தீனி. நாம் குறுக்கே போய் உட்காருவதால் நம் மேலும் ஏறுகிறது. கடித்தால் வலிக்காது. இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்துவிட்டு உதிர்ந்துவிடும். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுவதால், ஒரு புதரடியில் அது குடியேறிவிட்டால் அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும். பத்தடி தள்ளி இருக்கும் புதரில் ஒன்றுமே இருக்காது. இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போன படைகளில் ஏராளமான சிப்பாய்களைப் படுக்க வைத்தது இதுதான்.

நீங்கள் போகும் முந்திரிக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி மரத்தின் கிளை தாழ்ந்து தரையைத் தொடும். உள்ளே குனிந்து போனால் கூடாரம் போல நிழல், கணுக்கால் ஆழத்துக்குக் காய்ந்த சருகு, மழைக்குப் பிறகு அடியில் ஈரம், எலி வளைகள். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் உண்டா? புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது அங்கேதான், சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டுப் படுப்பதும் அங்கேதான். சிகருக்கும் அதே இடம்தான் பிடிக்கும். சவுக்குத் தோப்பின் ஓரம், வயலும் புதரும் சேரும் வரப்பு, கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளின் முட்புதர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து மாசி வரைக்கும் இந்தக் காய்ச்சல் அதிகம் வருகிறது. உங்களைப் போன்றவர்கள் வெயில் தணிந்ததென்று நடக்கக் கிளம்பும் மாதங்களும் அவையே.

என் தொழிலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். படிப்பு முடித்து இரண்டாவது வருடம். ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தேன். சவுக்கு வெட்டும் தொழிலாளி, நாற்பது வயதுக்காரர், ஏழு நாள் காய்ச்சலோடு வந்தார். கடுமையான தலைவலி, உடம்பு வலி, தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கு இல்லை என்று வந்தது. டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் டெஸ்ட் லேசாகப் பாசிட்டிவ். டைபாய்டு என்று எழுதி, அதற்கான ஊசியை ஆரம்பித்தேன். மூன்று நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து ஆக்ஸிஜன் வைத்தோம். அன்று அவர் உடம்பைத் துடைத்த நர்ஸ் அக்கா என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், இங்கே வந்து பாருங்க" என்று அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் மேலே தள்ளினார். கயிறு மறைத்திருந்த இடத்தில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவந்த விளிம்பு. அழுத்தினேன், வலிக்கவில்லை என்றார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

சிகர் கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைஃபஸுக்கான டாக்ஸிசைக்ளின் மருந்தைக் கொடுத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாளில் வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவி என்னிடம், "இவரு தோப்புக்குப் போறதை நான்தான் சொல்லாம விட்டுட்டேனா சார்?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் வந்தாலும், கடந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்காமல் நான் சீட்டு எழுதுவதில்லை. அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, பனியன் விளிம்பு, ஜட்டி எலாஸ்டிக், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்ப்பேன். சிகர் காலிலிருந்து மேலே ஏறிவரும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடத்திலும் தோல் மடியும் இடத்திலும் நின்று கடிக்கும். நம் கறுத்த தோலில் அந்தப் பொருக்கு சட்டென்று கண்ணில் படாது. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை. ஆகவே பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

டைஃபஸ், டைபாய்டு என்ற இரண்டு பெயரும் காதில் ஒன்றாக விழுவதால் நோயாளிகள் குழம்பிப் போகிறார்கள். இரண்டும் வேறு வேறு. டைபாய்டு தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. அதற்குப் போடும் வழக்கமான ஊசி மருந்துகள் ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியைத் தொடாது. அது நம் உயிரணுக்களுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் கிருமி. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டும் விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் மருந்துகள். ஆரம்பத்தில் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரையே எடுக்கும். முற்றிய நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு அது. ஆனால் அந்த நிலைக்கு யாரும் போக வேண்டியதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இவற்றை நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போடவும் வேண்டாம். டெங்குவும் எலிக் காய்ச்சலும் இதே மழைக்காலத்தில் இதே முகத்தோடு வரும். பார்த்துப் பிரிப்பது டாக்டர் வேலை.

சரி, நடக்கப் போகும்போது என்ன செய்வது? வெளிர் நிற முழு பேன்ட், அதன் அடியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். சட்டையைப் பேன்ட்டுக்குள் விடுங்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்லை. உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழவும் விழாது. புல் நுனியில் முன்னங்காலை நீட்டிக்கொண்டு நிற்கும், உரசிக்கொண்டு போகிறவரைப் பற்றிக்கொள்ளும். அதனால் பாதையின் நடுவில் நடப்பதே பாதி பாதுகாப்பு. கொசுவுக்குப் போடும் களிம்பு வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். டீட் என்ற பூச்சி விரட்டி 20 முதல் 30 சதவீதம் உள்ளது பல மணி நேரம் தாங்கும். குறைந்த அளவு உள்ளதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். திறந்த தோலில், சாக்ஸ் மேல், பேன்ட்டின் அடி விளிம்பில் போடுங்கள். துணிக்கு உள்ளே மறையும் தோலில் வேண்டாம். மகனுக்கு நான் சொன்ன பெர்மெத்ரின் துணி ஸ்பிரே இங்கே எளிதில் கிடைக்காது. அதற்காக வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ நாய்க்கு ஊற்றும் மருந்தையோ கலந்து துணியில் தெளித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்ணிக்கு முன்னால் உங்களுக்கு விஷமாகும்.

உட்காரும் இடம்தான் முக்கியம். வெறும் தரையிலும் சருகிலும் உட்கார வேண்டாம், படுக்கவே வேண்டாம். ஒரு தார்ப்பாய் எடுத்துப் போங்கள், அல்லது வெயில் படும் பாறையில் உட்காருங்கள். செஞ்சியில் பாறைக்கா பஞ்சம்! கழற்றிய சட்டையைப் புதரில் போடாதீர்கள். ஒதுங்கப் போகும்போதும் அடர்ந்த புதருக்குள் குந்த வேண்டாம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், தொடை இடுக்கில் நான் பார்க்கும் பொருக்குகளில் சில அப்படி வந்தவையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, அன்று சாயங்காலக் குளியல். வீட்டுக்கு வந்ததும் காபிக்கு உட்காராமல் நேரே குளியலறைக்குப் போங்கள். சோப்பும் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். இன்னும் ஊன்றிக் கடிக்காத சிகர் அதிலேயே போய்விடும். போட்டிருந்த துணியைக் கட்டில் மேல் போடாமல் வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குளித்த பின் ஒரு கண்ணாடியும் நல்ல விளக்கும் வைத்துக்கொண்டு உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகையும் முழங்கால் குழியையும் வீட்டில் உள்ளவர் பார்க்கட்டும்.

உண்ணி இருந்தால் எண்ணெய், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுவத்தி எதுவும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கலாம். கூர்முனை ட்வீசர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலையைப் பிடித்து, திருகாமல், மெதுவாக, விடாமல் மேலே இழுங்கள். தோல் கூடாரம் போல எழும்பும், அப்படியே பிடித்திருங்கள், சில விநாடிகளில் விட்டுவிடும். கையையும் இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நண்பரின் நாய்க்கும் இதே பார்வை வேண்டும். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்குகளில் பார்க்கச் சொல்லுங்கள். நாய் உண்ணியாலும் நம் நாட்டில் ஒரு வகைப் புள்ளிக் காய்ச்சல் வருகிறது. பிடித்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும், சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். மாதாமாதம் என்ன மருந்து ஊற்றலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேட்பது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. எப்போதாவது நீலகிரி, முதுமலை, கர்நாடகக் காடுகள் என்று போனால், அங்கே உண்ணியே ஆபத்தானது. 1957இல் சிவமொக்கா பக்கத்துக் கியாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் உண்ணியால் வருவது. கார்த்திகையிலிருந்து வைகாசி வரை அதன் காலம். குரங்கு செத்துக் கிடக்கும் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காமல் திரும்பி வந்து வனத்துறையிடம் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நடப்பதை நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து வருடம் ஞாயிறுதோறும் நடந்தது உங்கள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் செய்திருக்கும் நன்மையை எந்த மாத்திரையும் செய்யாது. அவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் காட்டுக்குப் போய் வந்த தேதியை வீட்டு மாதக் காலண்டரில் அவரையே வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் விடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேரே பெரிய மருத்துவமனைக்கு. கடலூர் அரசு மருத்துவமனை, கோரிமேட்டு ஜிப்மர் இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான். போனதும் முதல் வாக்கியமாக, "இன்ன தேதியில் முந்திரிக் காட்டில் உட்கார்ந்திருந்தேன், ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா பாருங்கள்" என்று சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.